சின்ன ஹோட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் எப்படிச் சொல்வது, நன்றாக இருந்தால் எப்படிச் சொல்வது

பல வருடம் சின்ன உணவகங்களில் வேலை பார்த்தவள் நான். முதலில் பரிமாறினேன், அப்புறம் கல்லாவில் உட்கார்ந்தேன், மாஸ்டர் வராத நாட்களில் அடுப்படியிலும் நின்றிருக்கிறேன். இப்போது வேறு வேலை. வாரத்தில் பாதி நாள் வெளியில்தான் சாப்பாடு. இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒரு விஷயம் எனக்கு உறுதியாகத் தெரியும். சின்னக் கடையில் சொதப்பிவிடும் சாப்பாட்டில் பெரும்பகுதியை மேஜையிலேயே, அதுவும் முதல் ஐந்து நிமிடத்தில், சரிசெய்துவிடலாம்.

ஆனால் பெரும்பாலானவர்கள் வாயைத் திறப்பதில்லை. பாதியை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "ம், நல்லா இருந்தது" என்பார்கள். காசைக் கொடுத்துவிட்டுப் போய், ராத்திரி படுக்கையில் கிடந்தபடி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதுவார்கள். அந்த நேரத்துக்கு அடுப்பு அணைந்திருக்கும், மீதிச் சாப்பாட்டையும் யார் யாரோ சாப்பிட்டு முடித்திருப்பார்கள். கடைக்காரருக்கும் பயனில்லை, சாப்பிட்டவருக்கும் பயனில்லை. இதை மாற்றிக்கொள்ள முடியும் என்பதால்தான் எழுதுகிறேன். கடையைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், மேஜையில் பேசுவதைப் பற்றி நிறைய.

உள்ளே போகுமுன்

கூட்டமுள்ள கடையாகப் பார்த்துப் போ என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ருசி அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், கூட்டம் இருக்கும் இடத்தில் சமைத்தது பாத்திரத்தில் தங்குவதில்லை. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேகமாக விற்கும் கடையில் இந்தக் கணக்கு தானாகவே சரியாகிவிடும். மந்தமான கடையில் மாஸ்டர் கவனமாக இருந்தால்தான் உண்டு.

நேரமும் முக்கியம். கூட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் போங்கள். அடுப்பு சூடேறி, மாஸ்டருக்குக் கை ஓடத் தொடங்கியிருக்கும் நேரம் அது. கடை மூட அரை மணி இருக்கும்போது போகாதீர்கள். உள்ளே பாதிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். நீங்கள் கேட்டதைச் செய்ய, கழுவிய சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் மிச்சம் இருப்பதைச் சூடாக்கித் தர வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்.

மெனு அட்டையின் நீளத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று அடுப்பு இருக்கும் சமையலறையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை அன்றன்றைக்குச் செய்ய முடியாது. ஒரே குழம்பை அடிப்படையாக வைத்துப் பெயரை மட்டும் மாற்றுவார்கள், அல்லது உறைபெட்டியிலிருந்து எடுப்பார்கள். ஒரு பக்கத்தில் அடங்கும் மெனுவும், "இன்று இது இல்லை" என்று சொல்லத் தயங்காத சர்வரும் நல்ல அடையாளங்கள். தீர்ந்துபோகிறது என்றால் அளவோடு சமைக்கிறார்கள் என்றுதானே பொருள்?

வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்துப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய்க்குத் தொண்டையைப் பிடிக்கும் ஒரு காரமான வாடை உண்டு. கறுத்துப்போய், நுரைத்து, சீக்கிரமே புகையத் தொடங்கும். கெட்ட எண்ணெயை அளக்கப் பல நாடுகளில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். எண்ணெய் சிதையும்போது அதில் சேரும் துருவச் சேர்மங்கள் என்ற கழிவுப் பொருட்கள் ஏறக்குறைய 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும். உங்களிடம் அதை அளக்கும் கருவி இருக்காது, மூக்கு போதும். அந்த வாடை வந்தால் பொரித்தது எதையும் கேட்காதீர்கள், வேகவைத்ததைக் கேளுங்கள்.

கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளருக்குச் சோப்பு வைக்காத கடையில் வேலையாட்களுக்கும் வைத்திருக்க மாட்டார்கள். வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸ் கை வழியாகச் சுலபமாகப் பரவும். அதற்குக் கிருமிநாசினி ஜெல் அவ்வளவாக உதவாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். சுவரில் பெயிண்ட் உதிர்ந்திருப்பதையெல்லாம் நான் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. சோப்பு இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுவேன்.

சில இடங்களில் சுகாதார ஆய்வின் முடிவை வாசலில் ஒட்டச் சொல்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 1998 முதல் ஏ, பி, சி என்று அட்டை. டென்மார்க்கில் சிரித்த முகம், வாடிய முகம். வேல்ஸில் 0 முதல் 5 வரையுள்ள மதிப்பெண்ணை 2013 முதல் கட்டாயம் ஒட்ட வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் அப்படி ஒன்று உண்டென்றால் மதிப்பெண்ணோடு ஆய்வுத் தேதியையும் படியுங்கள். ருசிக்கும் அந்த அட்டைக்கும் சம்பந்தமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இணைய நட்சத்திரங்களை முழுதாக நம்ப வேண்டாம். 2017-ல் லண்டனில் ஓர் இளைஞர் தான் குடியிருந்த தோட்டக் கொட்டகையை உணவகம் என்று பதிவு செய்து, நண்பர்களை வைத்துப் பொய் மதிப்புரைகள் எழுதவைத்து, டிரிப்அட்வைசர் என்ற மதிப்புரைத் தளத்தில் லண்டனின் முதல் இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அதுவரை அங்கே ஒருவர்கூடச் சாப்பிட்டதில்லை! நான் பார்ப்பது மூன்று நட்சத்திர மதிப்புரைகளை. கோபமும் இல்லாமல் குஷியும் இல்லாமல் எழுதுகிறவர்கள்தான் எந்த உணவு நன்றாக இருந்தது, எது ஆறிப்போய் வந்தது என்று விவரமாகச் சொல்கிறார்கள். அதிலும் கடைசி இரண்டு மூன்று மாதத்தில் வந்தவை போதும். மாஸ்டர் மாறினால் கடையே மாறிவிடும்.

ஆர்டர் கொடுக்கும்போது

"இங்கே எது நல்லா இருக்கும்?" என்று கேட்காதீர்கள். "எல்லாமே நல்லா இருக்கும்" என்றுதான் பதில் வரும். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், அப்படிச் சொல்லத்தான் பழக்கியிருந்தார்கள். "இன்னைக்கு எது வேகமா போகுது?" என்று கேளுங்கள். அதற்குப் பொய் சொல்லத் தோன்றாது, உண்மையான பதில் வரும். வேகமாகப் போவது புதிதாக வந்துகொண்டிருக்கும். பரிமாறுகிறவர் கொஞ்சம் பேசக்கூடியவராக இருந்தால் "நீங்க இங்கே எதைச் சாப்பிடுவீங்க?" என்றும் கேட்கலாம்.

அவசரம் இருந்தால் உட்கார்ந்த உடனே சொல்லிவிடுங்கள். "அரை மணியில கிளம்பணும், அதுக்குள்ள எது வரும்?" என்று கேட்டால் சர்வர் மனதுக்குள் கணக்குப் போட்டு ஒரு வழி சொல்வார். ஆர்டர் போன பிறகு அவசரப்படுத்தினால் பாதி வெந்தது வரும். மாற்றம் கேட்பதென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரம் குறைவாக என்றால் செய்துவிடுவார்கள். காரம் குறைவாக, எண்ணெய் இல்லாமல், அதைத் தனியாக, இதைச் சேர்க்காமல் என்று போனால் கூட்ட நேரத்தில் ஏதாவது ஒன்று நிச்சயம் தவறிவிடும்.

உட்காரும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சத்தத்தில் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரான்ஸைச் சேர்ந்த எத்தியென் லொம்பார் என்ற மருத்துவர் 1911-லேயே இதை எழுதிவைத்தார். ஒரு மேஜை குரலை உயர்த்தினால் பக்கத்து மேஜையும் உயர்த்தும், அப்படியே கடை முழுதும் ஏறும். காது அடைக்கும் இரைச்சலில் உப்பும் இனிப்பும் மட்டுப்பட்டுத் தெரியும் என்று ஆய்வுகளும் உண்டு. ஒலிபெருக்கிக்கும் சமையலறைக் கதவுக்கும் தள்ளி, சுவரோரமாக ஓர் இடம் கேளுங்கள். பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வதிலும் தவறில்லை. கடைக்காரர்கள் யாரும் இதற்குக் கோபித்து நான் பார்த்ததில்லை.

சரியில்லை என்றால்

ஒரு நாள் மதியம் கடையில் நிற்க இடமில்லாத நேரம். ஓரத்து மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையசைத்து என்னைக் கூப்பிட்டார். ஒரு கரண்டி சூப்தான் குடித்திருந்தார். "அம்மா, உப்பு தூக்கலா இருக்கு. எனக்கு மட்டும்தானா, பாத்திரத்துலயே அப்படியான்னு ஒரு தடவை பாருங்க" என்றார். உள்ளே போய் ருசி பார்த்தோம். மாஸ்டர் ஒரு தடவை உப்புப் போட்டிருந்தார், அது தெரியாமல் உதவிக்கு நின்ற பையனும் போட்டிருந்தான். உடனே அந்தப் பாத்திரத்தை இறக்கிச் சரிசெய்தோம். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எல்லா மேஜைக்கும் நல்ல சூப் போனது. அவருக்குப் புதிதாகக் கொண்டுபோய் வைத்தபோது மாஸ்டரே வெளியில் வந்து நன்றி சொன்னார்.

அந்தப் பெரியவர் செய்ததை அப்படியே செய்யுங்கள். அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. முதல் கரண்டியிலேயே சொன்னார். மெதுவாகச் சொன்னார். என்ன குறை என்று ஒரே வார்த்தையில் சொன்னார். தனக்கு மட்டும் அப்படித் தோன்றலாம் என்று கொஞ்சம் இடம் விட்டார். இடம் விடுவது பணிவுக்காக மட்டும் இல்லை. நீங்கள் முடிவாகச் சொல்லிவிட்டால் எதிரில் நிற்பவர் எதிர்த்துப் பேசத் தயாராவார். பார்க்கச் சொன்னால் போய்ப் பார்ப்பார்.

எதை வேண்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இது நல்லாவே இல்லை" என்று மட்டும் சொன்னால் பரிமாறுகிற பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது, உள்ளே போய் என்ன சொல்வதென்றும் தெரியாது. "இது நடுவில வேகலை, வேற ஒண்ணு கொடுங்க" என்றால் காரியம் நடக்கும். மாற்றித் தரச் சொல்லலாம், வேறு உணவு கேட்கலாம், பில்லில் எடுத்துவிடச் சொல்லலாம். மூன்றில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள். முக்கால்வாசி சாப்பிட்ட பிறகு காசு தர மாட்டேன் என்பது மட்டும் நியாயமில்லை. கல்லாவில் இருந்தபோது எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான், ஏனென்றால் பல கடைகளில் அந்தக் காசைப் பரிமாறியவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அப்படிப் பிடிப்பது அநியாயம், ஆனாலும் நடக்கிறது.

யாரிடம் சொல்வது? பரிமாறியவரிடம்தான் முதலில். அவரைத் தாண்டி முதலாளியைக் கூப்பிட்டால் அவருக்கு அவமானம், அடுத்து உங்கள் மேஜைப் பக்கமே வரத் தயங்குவார். அவர் அலட்சியம் காட்டினால் மட்டும் எழுந்து கல்லாவுக்குப் போங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து சத்தம் போட வேண்டாம். கடை முழுதும் திரும்பிப் பார்க்கும்போது எந்த முதலாளியும் நியாயம் யோசிப்பதில்லை, மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்.

தாமதத்துக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் "அஞ்சே நிமிஷம்" என்று பதில் வரும். "எங்க ஆர்டர் உள்ளே போயிருக்கான்னு ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?" என்று கேளுங்கள். தாமதத்துக்குப் பாதி நேரம் காரணம், ஆர்டர் எழுதிய சீட்டு எங்காவது பாத்திரத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டதுதான். நீங்கள் கேட்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். பின்னால் வந்த மேஜைக்கு முன்னால் வந்துவிட்டதென்றால் இன்னும் காத்திருக்காமல் உடனே கேட்டுவிடுங்கள்.

சில குறைகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கோழி நடுவில் இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று இருந்தால் அந்தத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுங்கள், பக்கத்தில் இருந்த பச்சைக் காய்கறியையும் சேர்த்து. புதுத் தட்டில் வரட்டும். கண்ணாடித் துண்டோ உலோகமோ கிடந்தால் மேஜையில் யாரும் அதற்கு மேல் சாப்பிட வேண்டாம். அதே பாத்திரத்திலிருந்து போன மற்ற மேஜைகளுக்கும் உடனே சொல்லச் சொல்லுங்கள், படம் ஒன்று எடுத்து வையுங்கள். அந்த இடத்தில் தணிந்த குரல் தேவையில்லை, எழுந்து நின்றே சொல்லலாம். தலைமுடி வேறு கதை. அருவருப்புத்தான், ஆபத்து குறைவு. தட்டை மாற்றிக் கேளுங்கள், அதோடு விடுங்கள்.

சோறு வெதுவெதுப்பாக, லேசான புளித்த வாடையோடு வந்தால் "சூடு பண்ணித் தர்றோம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி. அதன் வித்துகள் அரிசி வேகும் கொதியிலும் சாகாது. சமைத்த சோறு வெளியில் நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாடை வரும் வரை காத்திருக்கவும் முடியாது, வாடையே இல்லாமலும் நஞ்சு இருக்கலாம். சுடச்சுட இல்லாத சோறு என்றால் "புதுசா வடிச்சது இருந்தா கொடுங்க, இல்லேன்னா வேற எதாவது சாப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு கடையில் நான் இப்படிச் சொன்னபோது முதலாளிக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் வேறு உணவு கொடுத்தார். முகம் சுருங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம், வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லாம் சொல்லியும் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? வாதாடாதீர்கள். சாப்பிட்டதற்குக் காசைக் கொடுங்கள், தொடாத தட்டுக்குத் தர மாட்டேன் என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள், பில்லை வாங்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அதற்கு மேல் அங்கே நின்று ஜெயிப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு

இது சுருக்கம், ஆனால் விளையாட்டில்லை. "எனக்குப் பிடிக்காது" என்று சொல்லாதீர்கள், "சாப்பிட்டா மூச்சு அடைக்கும்" என்று சொல்லுங்கள். பிடிக்காது என்றால் மேலே கிடப்பதை எடுத்துவிட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: நிலக்கடலை, முட்டை, பால், எள், இறால். அது உணவில் இருக்கிறதா என்பதோடு, எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள், அதே எண்ணெயில் வேறு எது போகிறது என்றும் கேளுங்கள். முன்கூட்டி அரைத்து வைத்த மசாலாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பரிமாறுபவருக்குத் தெரியாது, உள்ளே போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2014 முதல் சட்டமே இருக்கிறது. அமெரிக்காவின் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் எள்ளும் 2023 முதல் சேர்ந்துவிட்டது. அதனால் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பதில் சொல்லும்போது சர்வர் இழுத்தால், "இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றால், அந்த உணவை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் வயிறு கெட்டால்

எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் குற்றம் சொல்வார்கள். நிறைய நேரம் அந்தக் கடை நிரபராதி. ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு கால அளவு உண்டு. சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் திடீரென்று வாந்தி வந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் நஞ்சாகவோ, மேலே சொன்ன சோற்று நஞ்சாகவோ இருக்கலாம். நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம் ஆகும். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் காட்டும், ஆறு நாள் கழித்தும் காட்டும். கேம்பிலோபாக்டர் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து நாள். ஆக இன்று காய்ச்சலும் பேதியுமாகக் கிடந்தால், முந்தாநாள் வீட்டில் சாப்பிட்டதையும் யோசிக்க வேண்டும்.

ஒரு தாளை எடுத்துக் கடந்த சில நாட்களில் எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். கூடச் சாப்பிட்டவர்களுக்கும் இப்படி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே உணவைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வந்திருந்தால் சந்தேகம் வலுவாகிறது. அப்போது கடைக்கு ஃபோன் செய்து சொல்லுங்கள், உங்கள் பகுதியின் சுகாதாரத் துறைக்கும் புகார் கொடுங்கள். கடையைப் போய்ப் பார்க்க அவர்களுக்குத்தான் அதிகாரம் இருக்கிறது. வேறு இடங்களிலிருந்து வந்த புகார்களையும் சேர்த்துப் பார்க்க அவர்களால்தான் முடியும்.

உடம்பைக் கவனிப்பதுதான் முதல் வேலை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பேதியில் ரத்தம், கடுமையான காய்ச்சல், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நிலை, சிறுநீர் குறைந்து தலைசுற்றல் என்று எதுவாவது இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் என்றால் இன்னும் சீக்கிரமாக.

மதிப்புரை எழுதும்போது

சின்னக் கடைக்கு உங்கள் எழுத்து எவ்வளவு பெரிது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா சியாட்டில் உணவகங்களின் கணக்கை எடுத்து 2011-ல் ஓர் ஆய்வு எழுதினார். யெல்ப் என்ற மதிப்புரைத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று கண்டார். அதுவும் தனிக் கடைகளுக்குத்தான், பல கிளைகள் உள்ள பெரிய பெயர்களை அது அசைக்கவில்லை. அந்தக் கடைகளுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. மூலையில் இருக்கும் சின்னக் கடைக்கு உங்கள் ஐந்து வரிதான் பெயர்.

அதனால் கோபத்தோடு அன்று ராத்திரியே எழுதாதீர்கள். மறுநாள் எழுதுங்கள். எந்த வேளை, எத்தனை பேர், என்ன கேட்டீர்கள், என்ன வந்தது, சொன்னபோது என்ன செய்தார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். "கேவலம்", "போகவே போகாதீங்க" என்பதால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. "மதியம் ஒன்றரைக்குப் போனோம், மீன் வர நாற்பது நிமிடம் ஆனது, வந்தபோது ஆறியிருந்தது, சொன்னதும் மாற்றித் தந்தார்கள்" என்று எழுதினால் படிப்பவர் தானே முடிவு செய்துகொள்வார். ஒரே ஒரு தடவை போனவர் "ஒரு தடவைதான் போனேன்" என்று எழுத வேண்டும். குறை சொல்லும்போது பரிமாறியவரின் பெயரைப் போடாதீர்கள், கறாராகச் சொல்கிறேன். கூட்டத்தில் தடுமாறிய ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் வேலை போயிருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். பாராட்டும்போது பெயர் போடுங்கள், அது அவருக்குச் சம்பள உயர்வு கேட்கக் கையில் ஒரு சான்று.

தள்ளுபடி தராவிட்டால் ஒரு நட்சத்திரம் போடுவேன் என்று கல்லாவில் மிரட்டுகிறவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். அப்படி மிரட்டுகிறவர்கள் எழுதியதால்தான் நேர்மையாக எழுதுகிறவர்களையும் கடைக்காரர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

நன்றாக இருந்தால்

குறையைச் சொல்ல ஒரு முறை இருப்பதுபோல நிறையைச் சொல்லவும் உண்டு, அதையும் அங்கேயே சொல்ல வேண்டும். "சூப்பர்" என்றால் மாஸ்டருக்கு ஒன்றும் புரியாது. "மீன் உடையாம, உள்ளே வரைக்கும் உப்புப் பிடிச்சிருந்தது" என்று சொல்லி அனுப்புங்கள், அவருக்கு எது சரியாக வந்தது என்று தெரிந்துவிடும். அடுப்பங்கரைக்குப் புகார் மட்டும்தான் நடந்து வரும். பாராட்டு பெரும்பாலும் கல்லாவோடு நின்றுவிடும். நான் அடுப்படியில் நின்ற நாட்களில் வெளியிலிருந்து நல்ல வார்த்தை வந்த அன்றைக்கு அடுத்த வேளைச் சமையலே வேறு மாதிரி இருக்கும். அதனால் கல்லாவில் சொல்லும்போது "மாஸ்டர்கிட்டயும் சொல்லிடுங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

பிடித்த கடைக்குக் கூட்டம் குறைந்த நாட்களிலும் போங்கள். கடை வாடகை எல்லா நாளுக்கும்தான். ஒரே சர்வரிடம் இரண்டு மூன்று தடவை ஆர்டர் கொடுத்தாலே உங்களுக்கு எவ்வளவு காரம் என்று அவருக்குத் தெரிந்துவிடும், "இன்னைக்கு அது வேண்டாம், இதை எடுத்துக்கோங்க" என்று அவரே சொல்லத் தொடங்குவார். எந்த மதிப்புரையிலும் கிடைக்காத தகவல் அது. ஒரு தடவை சொதப்பிய கடையாக இருந்தாலும், நீங்கள் சொன்னதைக் கேட்டு மாற்றியிருந்தால் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். சரியாக இருந்தால் பழைய மதிப்புரையை அழிக்க வேண்டாம், அதற்குக் கீழேயே தேதி போட்டு என்ன மாறியது என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.